பாலத்தடியில் கறுத்த தண்ணீர்

ஆஸ்பத்திரியில் அம்மாவின் விரல் நுனியில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கிளிப். நகத்தின் வழியாக ஒளியை அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அது பார்க்கும். அம்மாவின் நகம் ஒளியை விடவில்லை. திரையில் எண் ஏறியது, இறங்கியது, பிறகு வெறும் கோடு நின்றது. நர்ஸ் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தாள். விரலை மாற்றினாள். பத்து விரலும் ஒன்றுபோலத்தான். நெயில் பாலிஷா என்று என்னிடம் கேட்டாள். மாதுளைத் தோலும் துருவும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கிளிப்பைக் காது மடலில் மாட்டினாள். அங்கே அம்மா மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள்.

அந்த வாரமே போய்விட்டாள். இதயம்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒன்றையே கேட்டார்கள்: அன்றைக்குக் கால்வாய் கறுத்துப் போனதே, அது என்ன கதை? ஆளுக்கு ஒரு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறார்கள். அம்மா யாருக்கோ சாபம் விட்டாள் என்றுகூட ஒருவர் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அம்மா முதலில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய சாயப்பட்டறையில் வேலை பார்த்தாள். பவுடர் சாயத்தை எடைபோட்டுக் கலக்கும் பிரிவு. பட்டறையில் அன்றைக்கு என்ன ஆர்டர் ஓடுகிறது என்று தெருவில் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. கால்வாயை எட்டிப் பார்த்தால் போதும். சிவப்பு ஓடினால் சிவப்பு. வீட்டுக்கு வந்து அம்மா மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையிலும் சிவப்பு. நான் தண்ணீர் சுத்திகரிப்பு படித்ததற்கு இதுதான் காரணம் என்று உறவுக்காரர்கள் நினைக்கிறார்கள். என் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது அந்தப் படிப்புதான்.

நகராட்சி ஒருநாள் பட்டறைக்குப் பூட்டுப் போட்டது. பூட்டிச் சீல் வைத்த அதிகாரிக்குத் தெருவில் டைல்ஸ் சார் என்று பெயர். பையில் எப்போதும் ஒரு கண்ணாடி டம்ளரும் குளியலறைச் சுவரில் பதிக்கிற மாதிரி ஒரு வெள்ளை டைலும் வைத்திருப்பார். டம்ளரில் தண்ணீரைப் பிடித்து, டைலை அதன் பின்னால் நிறுத்திப் பார்ப்பார். வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் பூட்டு. ஆய்வகத்துக்கும் அனுப்புவார். ஆனால் தெருவுக்கு ஞாபகம் இருந்தது அந்த டைல்தான்.

வேலை போன பிறகு அம்மா மார்க்கெட்டில் மூட்டை பிரிக்கும் வேலைக்குப் போனாள். ஒரு மழை நாளில் வெங்காயச் சருகு குவியலாக நனைந்து, சிமெண்ட் தரையில் ஒரு கறை இறங்கியிருந்தது. பழைய பித்தளை நிறம். மறுநாள் கடைக்காரர் தரையைக் கழுவினார், போகவில்லை. அடுத்த நாள் தேய்த்துக் கழுவினார், அப்போதும் போகவில்லை. அம்மா ஒரு கோணி நிறையச் சருகை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் இருந்தது அத்தை. அப்பாவின் தங்கை. அப்பா இறந்த பிறகும் எங்களோடேயே தங்கிவிட்டவள். வாய் சும்மா இருக்காது.

"ஊர்ல எல்லாரும் வெங்காயத்த வாங்கிட்டுத் தோல வீசுவாங்க. எங்க அண்ணி தோல வாங்கிட்டு வெங்காயம் வேணாங்கறாங்க."

இதை அவள் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அம்மாவுக்குத் தோல்காரம்மா என்று பெயர் வந்தது. சொன்ன வாயோடு மறுநாள் காலையில் அத்தைதான் பழரசக் கடையில் போய் மாதுளைத் தோல் கேட்டு நின்றாள். கடைக்காரருக்கு அது குப்பை. எடுத்துக்கொண்டு போகிறேன் என்று ஒருத்தி வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டார்கள். ஒரு ஓரம் அம்மாவின் அண்டாக்கள்: வெங்காயச் சருகு, மாதுளைத் தோல், டீக்கடையில் வடிகட்டி எறியும் டீத்தூள். இன்னொரு ஓரம் அத்தையின் பீப்பாய். அதில் சைக்கிள் கடையிலிருந்து வாங்கிய துருப்பிடித்த ஆணி, செயின் துண்டு எல்லாம் போட்டு, மார்க்கெட்டில் அழுகிப் புளித்த திராட்சைச் சாற்றை ஊற்றி ஊறவைத்திருப்பாள். புளிப்பு இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். அந்த இரும்புத் தண்ணீரில் முக்கினால் எந்த நிறமும் அடங்கிப் போகும். மஞ்சள் பாசி நிறமாகும். மாதுளையில் ஊறிய துணி சாம்பலாகும்.

நான் வேறு ஊரில் குடிநீர் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விடுமுறைக்கு வருவேன். கொட்டகையில் போய் நிற்பதற்காகவே வருவேன் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா ஒரு அண்டா சாயத்தில் ஒரு துணியோடு நிறுத்தமாட்டாள். முதல் துணி தேன் நிறத்தில் வெளியே வரும். அதே தண்ணீரில் அடுத்த துணி. அது கொஞ்சம் இளைத்திருக்கும். அதே தண்ணீரில் இன்னொன்று. இப்படிப் போட்டுக்கொண்டே இருப்பாள். துணிகளைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டால், ஒரு மாலை வெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது மாதிரி இருக்கும். கடைசித் துணிக்கு நிறம் இருக்கிறது என்பதே, பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றைப் பிடித்தால்தான் தெரியும். குழந்தைச் சட்டை தைக்கும் தையல்காரி ஒருத்தி அந்தக் கடைசித் துணிகளுக்குத்தான் சண்டை போடுவாள்.

எங்கள் தொழிலில் நாங்கள் தண்ணீரிலிருந்து நிறத்தை எடுக்கிறோம், எடுத்ததைச் சேறாகக் கொட்டுகிறோம். அம்மாவும் தண்ணீரிலிருந்து நிறத்தைத்தான் எடுத்தாள். எடுத்தது சட்டையானது. கொடிக்கு அடியில் நின்று நான் பலமுறை இதை யோசித்திருக்கிறேன்.

கொட்டகைக்கு நகராட்சி தற்காலிக அனுமதிதான் கொடுத்திருந்தது. சாயம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அந்த அலுவலகத்துக்கு ஆகாது. தோலா பவுடரா என்று அவர்கள் விதிமுறை பிரித்துப் பார்க்கவில்லை. வெளியே போகும் தண்ணீரில் நிறம் தெரியக் கூடாது. தெரிந்தால் நிரந்தரமாக மூடல். கடைசி ஆய்வுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அம்மாவுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மூடிவிட்டு என்னோடு வந்து இரு என்றேன். அம்மா வெங்காயச் சருகைப் புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"அந்தக் கால்வாய்ல நான் கலக்காத கலர் இல்ல. இத்தன வருஷம். நான் விடற தண்ணி வெறும் தண்ணியா அதுல போய்ச் சேரணும். அத ஒரு தடவ பாத்துக்கறேன். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

ஆய்வு நாளன்று நானும் வீட்டில் இருந்தேன். டைல்ஸ் சார் சொன்ன நேரத்துக்கு ஸ்கூட்டரில் வந்தார். பட்டறையைப் பூட்டிய காலத்தைவிட முடி கொட்டியிருந்தது. டைல் அதே டைல். அம்மாவின் மாதுளை அண்டாவில் கடைசித் துணியும் எடுத்து முடித்த தண்ணீர் இருந்தது. டம்ளரில் பிடித்தார், டைலை நிறுத்தினார். வெள்ளை. பீப்பாயில் அடிமட்டத்தில் மிஞ்சியிருந்த இரும்புத் தண்ணீரை அத்தை நிறையத் தண்ணீர் விட்டு அலசி வைத்திருந்தாள். அதையும் பிடித்தார். வெள்ளைதான். அத்தை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். வெளியே விடலாம் என்று சொல்லிவிட்டு, எழுத வேண்டியதை அலுவலகத்தில் போய் எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

அவர் ஸ்கூட்டரை எடுக்கும்போது அம்மா பின்பக்கக் குழாயைத் திறந்து மாதுளைத் தண்ணீரைப் பின்சாக்கடையில் விட்டாள். அதே நேரம் முன்பக்கத்தில் அத்தை பீப்பாயைச் சாய்த்து முன்சாக்கடையில் கொட்டினாள். ஒருத்தி விட்டது இன்னொருத்திக்குத் தெரியாது. இரண்டு சாக்கடையும் தெருவுக்கு அடியில் ஓடி, தெருமுனைப் பாலத்தடியில் ஒன்றாகச் சேர்ந்து கால்வாயில் விழும்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. அவர் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றி நின்றபடி, "ஏம்மா, பாலத்துக்கு வந்து பாருங்க," என்றார்.

பாலத்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். நான் எட்டிப் பார்த்தேன். பாலத்தடியில் சாக்கடைக் குழாயிலிருந்து தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. விழுந்து, காற்றுப் பட்டு, நாலடி நகர்வதற்குள் ஊதா ஓடியது. அப்புறம் நீலம். படித்துறையைத் தாண்டும்போது மை. கால்வாய் முழுக்கக் கருமை விரிந்துகொண்டே போனது. அங்கே யாரும் எதையும் ஊற்றவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து இருட்டு தானே எழுந்து வந்தது.

பழையபடி ஆரம்பிச்சிட்டாங்க என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பட்டறை இருந்த காலத்தில் அதே கால்வாய்க் கரையில் ஆடு மேய்த்துக் குட்டிகளைப் பறிகொடுத்தவர் அவர். அவர் கோபத்தில் தப்பில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. மாதுளையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. காற்றுப் பட்டதும் கறுக்கும். பள்ளிக்கூடச் சோதனை. துணியில் அதைத் தினமும் செய்கிறவர்கள்தான் இரண்டு பேரும். சாக்கடைக்குள் அதே காரியம் நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு மிச்சம் இங்கே, கண்ணுக்குத் தெரியாத அளவு மிச்சம் அங்கே. சேர்ந்ததும் ஒரு கால்வாய்க்குப் போதுமான கறுப்பு.

அம்மா அத்தையிடம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"நீ பீப்பாயக் கொட்டினியா?"

"கொட்டகை சுத்தமா இருக்கட்டும்னுதான் அண்ணி..."

அம்மா மறுபடி குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். அவள் முகத்தில் நான் எதிர்பார்த்தது பயம். டைல்ஸ் சார் பக்கத்தில் நிற்கிறார். கொட்டகை போகப் போகிறது. அவளோ கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்தி, இன்னும் எட்டி, என் கையை இழுத்துக் காட்டினாள்.

"வெறும் கண்ணுக்குத் தெரியாம இவ்வளவு மிஞ்சியிருந்திருக்கு, பாருடி. எல்லாத்தையும் எடுத்துட்டேன்னு நெனச்சேனே."

டைல்ஸ் சாருக்கும் இது கேட்டது. அவர் அன்றே மூடல் உத்தரவை ஒட்டினார். ஆனால் போகும்போது, மறுபடி ஒரு தடவை காட்ட வாய்ப்புத் தருவதாகவும், இரண்டு தண்ணீரையும் தன் கண் முன்னால் சேர்த்துத்தான் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். அதிலும் கறுத்தால் பேச்சே இல்லை.

அத்தை சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உன்னாலதான். எழுந்து வா, ஆணி ஊறப் போடணும்," என்றாள். அத்தை எழுந்து வந்தாள்.

இரண்டையும் சேர விடாமல் தனித்தனிச் சாக்கடை கட்டலாம் என்பது என் யோசனை. கால்வாயில் எப்படியும் சேருமே என்றாள் அம்மா. அப்போதுதான் எனக்கு என் நிலையம் ஞாபகம் வந்தது. கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் நாங்கள் இரும்பு உப்பைத்தான் போடுவோம். கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்ப்போம். அழுக்கெல்லாம் பால் திரிந்த மாதிரி திரிதிரியாகக் கூடி அடியில் உட்காரும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். இங்கே இரும்பும் இருக்கிறது, இரும்பு பிடித்துக்கொள்ளத் துவர்ப்பும் இருக்கிறது. சேராமல் தடுப்பதைவிட, நாமே தொட்டியில் சேர்த்து, கறுத்து முடியவிட்டு, உட்கார வைத்துவிடலாம்.

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப ரெண்டும் ஒண்ண ஒண்ணு பிடிச்சுக்கிட்டுக் கீழ போயிடுமா?" என்று கேட்டாள். போய்விடும் என்றேன், அளவு சரியாக இருந்தால். இரும்பு கூடினால் தண்ணீரில் துரு நிற்கும், குறைந்தால் துவர்ப்பு நிற்கும். ஒன்றுக்கொன்று சமமாகத் தீர வேண்டும்.

ஊறுகாய் பாட்டில்களில் சோதனை தொடங்கியது. நான் ஊற்றினேன், அத்தை கலக்கினாள், அம்மா பார்த்தாள். முதலில் எதுவும் சரியாக வரவில்லை. ஒன்று துருவாக நின்றது. ஒன்று டீ மாதிரி. ஒன்று கறுத்தது, ஆனால் உட்காரவே மாட்டேன் என்றது. மேலே நின்ற தண்ணீரில் மிச்சம் எது என்று தெரிய என் நிலையத்திலிருந்து கருவி கொண்டுவர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா பழைய வெள்ளைத் துணியை இரண்டு கீற்றாகக் கிழித்துவிட்டாள். ஒன்றை இரும்புத் தண்ணீரில் நனைத்தாள், இன்னொன்றை மாதுளைத் தண்ணீரில். தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டு இதன் மேல், ஒரு சொட்டு அதன் மேல். இரும்புத் துணி சாம்பலானால் துவர்ப்பு மிச்சம். மாதுளைத் துணி சாம்பலானால் இரும்பு மிச்சம்.

"மிச்சம் இருந்தா அதோட ஜோடிய தேடிப் போய்ச் சேந்துக்கும்ல," என்றாள். "அன்னிக்குப் பாலத்துல பாத்தோமே."

நான் கருவி கொண்டுவரும் பேச்சை விட்டுவிட்டேன். சுண்ணாம்பைக் கூட்டலாம் என்றேன், கூட்டினோம். ஒரு பாட்டிலில் கறுப்பு சுருண்டு, மேகம் போலக் கலைந்து, மெல்ல இறங்கத் தொடங்கியது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். மேலிருந்து ஒரு விரல் உயரம் தெளிந்தது. பிறகு இன்னொரு விரல். பாட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவரின் விரிசல் தெரிய ஆரம்பித்தது. அத்தை வாயைத் திறக்கவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா இரண்டு கீற்றிலும் சொட்டு விட்டாள். இரண்டும் சாம்பலாகாமல் அப்படியே இருந்தன.

டைல்ஸ் சார் வந்தபோது கொட்டகையில் சிமெண்ட் தொட்டி தயாராக இருந்தது. இந்த முறை அம்மா அவசரப்படவில்லை. முதலில் மாதுளைத் தண்ணீரில் ஒரு பழைய போர்வையை முக்கி, பிழிந்து, இரும்புத் தண்ணீரில் முக்கினாள். துணி எடுக்கிறவரை எடுக்கட்டும் என்றாள். பிறகு இரண்டு தண்ணீரையும் தொட்டியில் திறந்துவிட்டாள். கறுத்தது. டைல்ஸ் சார் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அம்மா சுண்ணாம்பைத் தூவி, துடுப்பால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

காத்திருந்தோம். அவருக்கு நாற்காலி போட்டும் உட்காரவில்லை. தொட்டி ஓரத்தில் குனிந்தே நின்றார். கறுப்புக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய அடுக்கு உருவானது. அது தடித்துக்கொண்டே வந்தது. தொட்டியின் உள்சுவரில் கொத்தனார் இழுத்த கரண்டித் தடம் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் தெரிந்தது. டைல்ஸ் சார் டம்ளரில் பிடித்தார். டைலை நிறுத்தினார். அதோடு நிற்காமல் அம்மாவிடம் அந்தக் கீற்றுகளையும் கேட்டு வாங்கி, தானே சொட்டு விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனையோ பட்டறை பாத்துட்டேன்மா," என்றார். பிறகு அதிகாரியாகிவிட்டார். "சரி. அடியில கிடக்கற கறுப்ப எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?"

நான் பயந்த கேள்வி அதுதான். எங்கள் நிலையத்திலேயே அதற்கு நல்ல பதில் கிடையாது. அம்மா அடிச்சேற்றை ஒரு விரலால் வழித்து, கொட்டகைக் கதவில் ஒரு கோடு இழுத்தாள். கதவில் ஏற்கெனவே சில கோடுகள் இருந்தன, காய்ந்து, அழுத்தமான கறுப்பில்.

"காயவெச்சுப் பசை சேத்தா மை சார். கோணிப் பையில கடைப்பேர் எழுதறவர் கேட்டிருக்கார். நீங்களும் இதுலயே கையெழுத்துப் போடலாம்."

"என்கிட்ட பேனா இருக்கும்மா," என்றார் டைல்ஸ் சார். கொஞ்சமும் சிரிக்காமல், பேனாவை எடுத்து அனுமதியில் கையெழுத்துப் போட்டார். மூடல் உத்தரவை அவரே கிழித்தார். சேற்றைக் கீழே கொட்டினால் மறுபடி வருவேன் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அத்தை அழுதாள். அழுதுகொண்டே, மறுபடி வருவாராம், வரட்டும், இவருக்கும் ஒரு போர்வை முக்கிக் கொடுப்போம் என்றாள். அம்மா எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டு, ஈரக் கையோடு தெருவில் இறங்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

பாலத்தில் யாரும் இல்லை. குழாயிலிருந்து தண்ணீர் கால்வாயில் விழுந்துகொண்டிருந்தது. விழுந்த இடத்தில் கொஞ்சம் நுரை. அதற்கு அப்பால் வெறும் தண்ணீர். கால்வாயின் அடியில் கிடந்த ஒரு உடைந்த செங்கல் தெரிந்தது, அதன் மேல் படர்ந்த பாசி தெரிந்தது. பார்ப்பதற்கு வேறு ஒன்றுமில்லை. அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொன்னபடி என்னோடு வந்துவிடுவாளா என்று கேட்கத்தான் நான் ஓடிவந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்று நானும் பார்த்தேன்.